வானில் இமையாக் காவல்

முன்னுரை

பண்டைத் தமிழ் வேந்தர்க்குக் காவல் மரமும் காவல் முரசும் உயிரனையவாய் விளங்கின என்பதைச் சங்க இலக்கியம் பயின்றோர் நன்கறிவர். பகைவன் காவல் மரத்தை வெட்டி வீழ்த்தினாலோ முரசைக் கவர்ந்து சென்றாலோ அவ்வேந்தன் தோற்றவனாகவே கருதப்பட்டான். படைஞர் பல்லாயிரவர் எஞ்சியிருந்தும் பயனில்லை. அவர்களை ஒன்றுகூட்டி ஏவும் குரல் அடங்கிவிட்டால், அதன்பின் எஞ்சுவது கூட்டமேயன்றிப் படையன்று. எனவேதான் முரசைக் காப்பதற்கென்றே தனியே வீரர் அமர்த்தப்பட்டனர்.

அணுகுண்டு தோன்றிய பின்னும் இவ்வுண்மை மாறவில்லை. முரசு இருக்குமிடம் மட்டுமே மாறியது. மண்ணிலும் மலைக்கடியிலும் வைத்துக் காக்கவியலாத கட்டளைக் குரலை ஒரு வல்லரசு விமானத்தில் ஏற்றி வானில் வைத்துக் காத்தது. அதுவும் ஒருநாள் இருநாளன்று. 29 ஆண்டுகளுக்கும் மேலாக, இரவு பகல் இடையறாது காத்தது. அவ்விமானம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்கியது, அதனுள் அமர்ந்திருந்தோர் யாவர், அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பொறுப்பு எத்தகையது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றப் பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேரடியாக மோதிக்கொள்ளாமல், ஒன்றையொன்று அஞ்சியும் அஞ்சுவித்தும் வாழ்ந்த காலத்தைப் பனிப்போர்க் காலம் என்பர். அமெரிக்காவின் அணுகுண்டு வீச்சு விமானங்களும், பின்னர்த் தரையிலிருந்து பாயும் ஏவுகணைகளும் 'ஸ்டிராட்டஜிக் ஏர் கமாண்ட்' என்னும் வான்படைப் பிரிவின் பொறுப்பில் இருந்தன. இப்பிரிவின் தலைமையகம் 1948 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாகா நகரையடுத்த ஆஃபட் விமானப்படைத் தளத்தில் இயங்கிவந்தது. அங்கே நிலத்தடியில் வலிமை மிக்க கட்டளை அறை ஒன்றும் அமைக்கப்பட்டிருந்தது.

1957ஆம் ஆண்டு நிலைமையை மாற்றியது. அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை வெற்றியுடன் சோதித்தது. அக்டோபர் 4ஆம் நாள், அதே வகை ராக்கெட்டின் துணைகொண்டு ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. குண்டுவீச்சு விமானம் வருவதாயின் அது வந்து சேரப் பல மணி நேரமாகும். அதற்குள் ஆலோசிக்கலாம், ஆணையிடலாம். ஏவுகணையோ ஏறத்தாழ 30 நிமிடத்தில் வந்து விழுந்துவிடும். நிலத்தடி அறை எத்துணை ஆழத்தில் இருந்தாலும், அதன் இருப்பிடம் பகைவர்க்குத் தெரிந்தபின் நேரடித் தாக்குதலிலிருந்து தப்புவது அரிது.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. முதல் தாக்குதலிலேயே தலைமை அழிந்துபோனால், எஞ்சியிருக்கும் ஏவுகணைகளுக்கும் விமானங்களுக்கும் ஆணையிடுவோர் யார்? ஆணையிடுவோர் இல்லையெனப் பகைவன் உணர்ந்தால், 'முதலில் தலையைக் கொய்துவிட்டால் போதும், உடல் அசையாது' என அவன் துணியக்கூடும். அந்தத் துணிவு பிறவாமல் தடுக்கவேண்டுமாயின், கொய்ய முடியாத தலை ஒன்று வேண்டும். ஓரிடத்தில் நிலைத்திருப்பதைக் குறிவைக்கலாம். பரந்த வானில் இடம் மாறிக்கொண்டே இருப்பதை எங்ஙனம் குறிவைப்பது? இவ்வெண்ணத்திலிருந்தே பறக்கும் கட்டளை நிலையம் பிறந்தது.

1960ஆம் ஆண்டில் இதற்கான ஒத்திகைகள் நடைபெற்றன. போயிங் நிறுவனத்தின் கே.சி.-135 என்னும் எரிபொருள் வழங்கு விமானம் இதற்கெனத் திருத்தியமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1961 பிப்ரவரி 3ஆம் நாள், இடையறாக் காவல் தொடங்கியது. பின்னாளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இ.சி.-135 என்னும் விமானங்கள் இப்பணியை ஏற்றன.

பெயர்க்காரணம்

இக்காவற் பணிக்கு 'லுக்கிங் கிளாஸ்' என்று பெயரிட்டனர். முகம் பார்க்கும் கண்ணாடி என்பது இதன் பொருள். தரைக்கடியில் உள்ள கட்டளை அறையில் என்னென்ன செய்ய இயலுமோ அவற்றை அப்படியே பிரதிபலிப்பது இவ்விமானம் என்பதால் அப்பெயர் பெற்றது. ஆடியில் தோன்றும் பாவைக்கு உருவின் துணையின்றி வாழ்வில்லை. உரு நீங்கினால் பாவையும் நீங்கும். இவ்விமானமோ, தரையில் உரு அழிந்த பின்னரும் வானில் பாவை நிலைத்திருக்கவேண்டும் என்பதற்காகவே படைக்கப்பட்டது. பெயரிட்டவர் இம்முரணை எண்ணினாரோ இலரோ, நமக்கு அது சிந்தனைக்குரியதாகும்.

இடையறாச் சுழற்சி

நாளொன்றுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 8 மணி நேரம் என இக்காவல் வகுக்கப்பட்டது. இதில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. மாற்று விமானம் மேலே எழும்பிப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பின்னரே முந்தைய விமானம் தரையிறங்கலாம். மாற்று விமானம் பழுதுபட்டாலும், புயலோ பனியோ ஓடுதளத்தை மறைத்தாலும், மேலிருப்பவர் இறங்குதல் கூடாது. வானிலேயே மற்றொரு விமானத்திடமிருந்து எரிபொருள் பெற்றுக்கொண்டு காத்திருக்கவேண்டும்.

கோட்டைக் காவலில் ஒரு யாமத்துக் காவலர் அடுத்த யாமத்தார் வந்து நின்ற பின்னரே இடம் பெயர்வதுபோல இம்முறை அமைந்தது. 1961 பிப்ரவரி 3 தொடங்கி 1990 ஜூலை 24 முடிய இச்சங்கிலி ஓரிடத்திலும் அறுந்ததில்லை. நாட்கணக்கில் கூறுவதாயின் இது 10,700 நாட்களுக்கு மேற்பட்டதாகும். நாளுக்கு மூன்று பறப்பு எனக் கொண்டால் 32,000 முறை விமானங்கள் எழும்பி இறங்கியிருக்கவேண்டும். இப்பணியில் விபத்தின்றிப் பறந்த நேரம் 2,81,000 மணிக்கும் மேல் என்பது அமெரிக்க வான்படையின் கணக்கு.

இந்த எண்கள் நமக்கு வியப்பூட்டுகின்றன. ஆயினும் அப்பறப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சொல்லத்தக்கதாக ஒன்றும் நிகழவில்லை என்பதே அவற்றினும் வியப்பானது. எழும்பினர், வட்டமிட்டனர், வானொலிக் கருவிகளைச் சோதித்தனர், இறங்கினர். மறுநாளும் அதுவே. போர்த்தொழிலில் வீரம் என்றால் வாளேந்திப் பாய்தல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஒன்றும் நிகழாத எட்டு மணி நேரத்தை, எந்நொடியிலும் எதுவும் நிகழக்கூடும் என்னும் விழிப்போடு கழிப்பதும் ஒருவகை உழைப்பே. அவ்வுழைப்பைப் பாடப் பரணி எதுவும் இல்லை.

விமானத்தினுள் இருந்தோர்

வெளித்தோற்றத்தில் இ.சி.-135 பழைய பயணிகள் விமானம் போன்றதே. உள்ளே நெருக்கமாக அமைந்த மேசைகளும் தொலைபேசிகளும் வானொலிப் பெட்டிகளும் நிறைந்திருந்தன. சன்னல்கள் மிகக் குறைவு. விமானத்தை ஓட்டுவோர் ஒரு பிரிவினர்; கட்டளைப் பணி புரிவோர் மற்றொரு பிரிவினர். விமானியரும் வழிகாட்டியும் முதற் பிரிவைச் சார்ந்தவர். தாக்குதல் திட்டங்களை அறிந்தோர், உளவுச் செய்திகளை ஆராய்வோர், எஞ்சிய விமானங்களையும் எரிபொருளையும் கணக்கிடுவோர், செய்தித் தொடர்பைப் பேணுவோர், ஏவுகணைகளை இயக்கக் கற்றோர் ஆகியோர் இரண்டாம் பிரிவைச் சார்ந்தவர்.

இவர்கள் அனைவர்க்கும் மேலாக ஒவ்வொரு பறப்பிலும் ஜெனரல் தகுதியுடைய தளபதி ஒருவர் அமர்ந்திருந்தார். தரையிலுள்ள தலைமை முற்றும் அழிந்துபோனால், எஞ்சிய படைப்பிரிவின் பொறுப்பு அவர் தோளில் இறங்கும். இது சடங்கு முறையான பதவியன்று. ஆயிரக்கணக்கான அணுவாயுதங்களின் கட்டளைப் பொறுப்பு, ஒருவேளை அடுத்த சில நிமிடங்களில் தம்மிடம் வந்து சேரலாம் என்பதை அறிந்தே அவர் விமானத்தில் ஏறினார். பல தளபதியர் இம்முறைப் பணியை மாறி மாறி ஏற்றனர்.

இவர்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவர்தம் மனைவி மக்கள் ஆஃபட் தளத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்தே வாழ்ந்தனர். போர் மூளின் முதலில் அழியும் இடங்களுள் ஆஃபட் ஒன்று என்பதை இவர்களைவிட நன்கறிந்தவர் இலர். எந்தப் பணிக்காக இவர்கள் பயிற்சி பெற்றனரோ அந்தப் பணி உண்மையில் வந்துவிட்டால், இவர்கள் மேலே உயிரோடு இருப்பர். கீழே வீடு இராது. வேறு படைஞர் தம் வீட்டைக் காக்கப் போரிடுவர். இவர்களோ வீடு அழிந்தபின் தொடங்கும் பணிக்காகக் காத்திருந்தனர்.

ஒரு கண்ணும் இரு சாவியும்

இப்பணியின் தன்மையை விளக்க இரண்டு சிறு பொருள்கள் போதும்.

முதலாவது ஒரு கண்மறைப்பு. அணுகுண்டு வெடிக்கும்போது தோன்றும் ஒளி நெடுந்தொலைவில் இருப்போரின் பார்வையையும் பறிக்கவல்லது. ஆதலின் விமானியர்க்கு ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் மறைப்புத் துணி வழங்கப்பட்டது. திறந்திருக்கும் கண் ஒளியில் அவிந்துபோனால், மறைப்பை அகற்றி மற்றக் கண்ணால் விமானத்தைச் செலுத்தவேண்டும். ஒரு கண்ணை இழப்பது முன்கூட்டியே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. பின்னர், மின்னொளி பட்டவுடன் தானே இருண்டு காக்கும் கண்ணாடிகள் வந்தன. எனினும் அந்தச் சிறு கறுப்புத் துணியைப்போல அக்காலத்தின் மனநிலையை உணர்த்தும் பொருள் வேறில்லை.

இரண்டாவது சாவி. அணுவாயுதப் பணியில் எந்தச் செயலையும் ஒருவர் தனித்துச் செய்ய இயலாதவாறு 'இருவர் விதி' வகுக்கப்பட்டிருந்தது. வந்து சேரும் ஆணை உண்மையானதா என்பதை இருவர் தனித்தனியே ஒப்பிட்டு உறுதி செய்யவேண்டும். குறியீட்டு ஆவணங்கள் இருவர் பூட்டிய பெட்டியில் இருக்கும். ஏவுவதற்கான சாவிகளையும் ஒரே நேரத்தில் இருவர் திருப்பவேண்டும். ஒருவர் கை எட்டும் தொலைவில் மற்றச் சாவி இராது. வெறி பிடித்த ஒருவனோ மனம் கலங்கிய ஒருவனோ தனித்து நின்று உலகை எரித்துவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

இஸ்லாமிய மரபில் 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள், அதைப் பழுதின்றிக் காக்கும் கடமை ஆகிய இரண்டையும் அது குறிக்கும். பொருள் தன் கையில் இருப்பினும் தனக்குரியதன்று என்னும் உணர்வே அமானிதத்தின் உயிர். சாவியைக் கையில் வைத்திருந்தும் தன் விருப்பத்திற்குத் திருப்பும் உரிமையற்ற அவ்வீரர்களின் நிலையை விளக்க இதனினும் பொருத்தமான சொல் எமக்குத் தோன்றவில்லை.

வானிலிருந்து ஏவுதல்

தொடக்கத்தில் இவ்விமானம் ஆணைகளை எடுத்துரைக்கும் தூதாக மட்டுமே இருந்தது. 1967ஆம் ஆண்டில் புதிய ஆற்றல் ஒன்று இதனுடன் சேர்ந்தது. 'மினிட்மேன்' என்னும் ஏவுகணைகள் அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் நிலத்தடிக் குழிகளில் நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நிலத்தடிக் கட்டுப்பாட்டறை உண்டு. அவ்வறைகள் அழிந்துபோனால் குழிகளில் உள்ள ஏவுகணைகள் ஏவுவாரின்றிக் கிடக்கும். அந்நிலையில் விமானத்திலிருந்தே வானொலி வழியே அவற்றை ஏவுவதற்குரிய கருவி அமைக்கப்பட்டது. 1967 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில், விமானத்திலிருந்து அனுப்பிய கட்டளையால் மினிட்மேன் ஏவுகணை ஒன்று சோதனையாக ஏவப்பட்டது. சோதனை வெற்றி பெற்றது. அதுமுதல் கட்டுப்பாட்டறைகளை அழிப்பதால் மட்டும் ஏவுகணைகளைச் செயலிழக்கச் செய்ய இயலாது என்பது உறுதியாயிற்று.

கடலுக்கடியில் கேட்கும் குரல்

தரையில் உள்ள ஏவுகணைகளுக்கு வானொலி போதும். கடலுக்கடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எங்ஙனம் செய்தி அனுப்புவது? சாதாரண வானொலி அலைகள் உப்புநீரில் உடனே அடங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் உடைய, அதாவது மிக நீண்ட அலைகளே நீருக்குள் சில மீட்டர் ஆழமேனும் ஊடுருவும். நீண்ட அலையை அனுப்ப நீண்ட ஆண்டெனா வேண்டும். தரையில் அமைத்தால் கோபுரங்கள் பலவற்றை நிரப்பிய பெருநிலம் வேண்டும். அதுவும் பகைவர்க்கு எளிய இலக்காகும்.

இச்சிக்கலை அமெரிக்கக் கடற்படை எளிய ஒரு வழியால் தீர்த்தது. விமானத்தின் பின்புறத்திலிருந்து பல கிலோமீட்டர் நீளக் கம்பியை இறக்கினர். பின் விமானம் ஒருபக்கம் சாய்ந்து இறுக்கமாக வட்டமிடும். அப்போது கம்பியின் பெரும்பகுதி கிணற்றில் தொங்கும் கயிறுபோல ஏறத்தாழ நேர்செங்குத்தாகத் தொங்கும். அதுவே ஆண்டெனாவாகச் செயற்படும். 'டக்காமோ' எனப்படும் இப்பணியை 1960களில் சி-130 வகை விமானங்கள் தொடங்கின. 1989 முதல் போயிங் 707 அடிப்படையில் அமைந்த இ-6 விமானங்கள் ஏற்றன. இவற்றின் தளம் ஓக்லஹோமா மாநிலத்தின் டிங்கர் ஆகும். சாய்ந்த விமானத்தில், கீழே கம்பி இழுத்துக்கொண்டிருக்க, மணிக்கணக்கில் வட்டமிடுவது உள்ளிருப்போர்க்கு எளிய பயணமன்று.

1998 அக்டோபர் 1ஆம் நாள் முதல் இ-6 விமானத்தின் திருத்திய வகை, 'லுக்கிங் கிளாஸ்' பணியையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. பழைய இ.சி.-135 விமானங்கள் ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்றை நெப்ராஸ்காவின் ஆஷ்லாந்து ஊரையடுத்த அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். ஒருகாலத்தில் தரையில் நிற்பதே குற்றமாகக் கருதப்பட்ட இனத்தைச் சார்ந்த விமானம், இன்று பார்வையாளர்க்காக அசையாமல் நிற்கிறது.

குடியரசுத் தலைவர்க்கான விமானம்

மேற்கூறியவை படைத்தளபதியர்க்கானவை. நாட்டின் குடியரசுத் தலைவரும் பாதுகாப்புச் செயலாளரும் நெருக்கடியில் ஏறிச் செல்வதற்கென வேறு விமானங்கள் உண்டு. 1970களின் நடுப்பகுதியில் போயிங் 747 விமானத்தை அடிப்படையாகக் கொண்டு இ-4 வகை உருவாக்கப்பட்டது. இவை மொத்தம் நான்கு. மூன்று தளங்களுடன், மாநாட்டு அறை, விளக்க அறை, செய்தித் தொடர்புப் பகுதி, ஓய்வறை முதலிய வசதிகளைக் கொண்ட இவற்றில் 112 பேர் வரை பணியாற்றலாம். நான்கனுள் ஒன்றேனும் எந்நேரமும் புறப்படத் தயாராக நிறுத்தப்பட்டிருக்கும். 1977 பிப்ரவரியில் ஜிம்மி கார்ட்டர் இவ்வகை விமானத்தில் பயணம் செய்து அதன் இயக்கத்தை நேரில் கண்டறிந்தார்.

இவ்விமானங்கள் அஞ்சிக் காத்துக்கொண்ட பகை ஒன்றனைப் பற்றியும் கூறவேண்டும். 1962 ஜூலை 9ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் சில அணைந்தன. குண்டின் வெப்பமோ காற்றோ அங்கே எட்டவில்லை. அதிலிருந்து பிறந்த மின்காந்தத் துடிப்பே இதற்குக் காரணம். இத்துடிப்பு மின்னணுக் கருவிகளைக் கணப்பொழுதில் செயலிழக்கச் செய்யவல்லது. எனவே கட்டளை விமானங்களின் மின்கம்பிகளும் கருவிகளும் தனிக் கவசமிட்டுக் காக்கப்பட்டன.

செய்திகளில் இவற்றை 'ஊழிக்கால விமானம்' என்னும் பொருளில் குறிப்பிடுவர். ஆயினும் 1994 முதல் இவ்விமானங்கள் புயல், நிலநடுக்கம் முதலிய பேரிடர்க் காலங்களில் மீட்புப் பணிக்கும் உதவலாம் என ஏற்பாடு செய்யப்பட்டது. தொலைபேசியும் மின்சாரமும் அறுந்த ஊரில், தன் செய்தித் தொடர்பைத் தானே சுமந்து வரும் நிலையம் மிகவும் பயன்படும். ஊழிக்கென ஆக்கிய கருவி உயிர் காக்கவும் உதவும் என்பது சிறிய ஆறுதலாகும்.

இரண்டு பொய்யெச்சரிக்கைகள்

இக்காவலின் பெருமையைக் கூறுவோர் அதன் அச்சத்தையும் கூறவேண்டும். 1979 நவம்பர் 9ஆம் நாள், கொலராடோவில் உள்ள வடஅமெரிக்க வான்காப்பு மையத்தின் கணினித் திரைகளில் சோவியத் ஏவுகணைகள் பெருந்தொகையாக வருவதாகத் தோன்றியது. போர் விமானங்கள் வானில் எழும்பின. குடியரசுத் தலைவர்க்குரிய கட்டளை விமானமும் எழும்பிற்று. ஆனால் அதில் குடியரசுத் தலைவர் இல்லை. சில நிமிடங்களில் உண்மை வெளிப்பட்டது. பயிற்சிக்கென வைத்திருந்த ஒத்திகைப் பதிவு, மெய்யான எச்சரிக்கைக் கருவிக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

ஏழு மாதங்கள் கழியுமுன், 1980 ஜூன் 3ஆம் நாள், மீண்டும் திரைகள் தாக்குதலைக் காட்டின. இம்முறை தோன்றிய எண்ணிக்கை ஒன்றோடொன்று பொருந்தாமல் மாறி மாறி வந்தது. குண்டுவீச்சு விமானியர் தம் விமானங்களில் ஏறி இயந்திரங்களை முடுக்கினர். பசிபிக் பகுதிக்குரிய கட்டளை விமானம் ஹவாயிலிருந்து எழும்பியது. ஆராய்ந்தபோது, பழுதுபட்ட ஒரு கணினிச் சில்லே காரணம் எனத் தெரிந்தது. அதன் விலை ஒரு டாலரிற் பாதிகூட இல்லை.

இவ்விரு நிகழ்வுகளிலும் உலகைக் காத்தது எது? கருவிகள் பொய்யுரைத்தன, மனிதர் உடனே நம்பிவிடவில்லை. ராடார் நிலையங்களும் செயற்கைக்கோள்களும் அதையே கூறுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். கூறவில்லை எனக் கண்டபின் பொறுத்தனர். பறக்கும் கட்டளை நிலையம் என்னும் ஏற்பாடு அப்பொறுமைக்கு ஒருவகையில் துணை செய்தது எனலாம். 'இப்போதே திருப்பித் தாக்காவிடில் பின் தாக்கவே இயலாது' என்னும் பதற்றம், கட்டளைக் குரல் வானில் பத்திரமாக உள்ளது என்னும் எண்ணத்தால் தணியும். சிறிது பொறுத்துப் பார்க்கலாம் என்னும் இடைவெளி கிடைக்கும். அணுவுலகில் அந்தச் சில நிமிட இடைவெளியே மானுடத்தின் ஆயுள்.

எனினும் மறுபக்கமும் உண்டு. தலைமை முற்றும் அழிந்த பின்னரும் பதிலடி உறுதி என்னும் ஏற்பாடு, கோடிக்கணக்கான அப்பாவி மக்களின் உயிரைப் பிணையாக வைத்தே அமைதியைக் காத்தது. அச்சத்தின்மேல் எழுப்பிய அமைதி, ஒத்திகைப் பதிவு ஒன்றாலும் சிறு சில்லு ஒன்றாலும் ஆட்டங்காணக்கூடியது என்பதை அவ்விரு நாட்களும் காட்டிவிட்டன. காவலரைப் போற்றலாம், காவலுக்குக் காரணமான கேட்டைப் போற்றவியலாது.

மறுகரையில்

சோவியத் ஒன்றியமும் இத்தகைய விமானங்களைக் கொண்டிருந்தது. இல்யூஷின்-86 என்னும் பயணிகள் விமானத்தை 1980களில் திருத்தி, சன்னல்களை மூடி, முதுகின்மேல் திமில் போன்ற புடைப்புடன் கட்டளை விமானம் ஆக்கினர். அவை பின்னர் ரஷ்யாவின் உடைமையாயின. 2020 டிசம்பரில், டாகன்ரோக் விமானத்தளத்தில் பழுதுபார்ப்பிற்காக நின்றிருந்த அவ்வகை விமானம் ஒன்றிலிருந்து வானொலிக் கருவிகள் களவு போயின என்னும் செய்தி உலகை வியப்பில் ஆழ்த்தியது. அணுகுண்டின் துடிப்புக்கும் அசையாதவாறு அமைத்த விமானத்தை ஒரு கள்வன் எளிதில் வென்றுவிட்டான்! காவற் கருவி எத்துணை நுட்பமாயினும் அதைக் காக்கும் மனிதரின் விழிப்பே முதன்மையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நிறைவுரை

சோவியத் ஒன்றியம் தளர்வுற்று, பனிப்போர் முடிவை நெருங்கிய காலத்தில், 1990 ஜூலை 24ஆம் நாள் அந்த இடையறாக் காவல் நிறுத்தப்பட்டது. அதன்பின்னும் கட்டளை விமானங்கள் தரையில் ஆயத்தமாக நின்றன, அவ்வப்போது பறந்தன, இன்றும் அப்பணி முற்றும் ஒழியவில்லை. முதுமையுற்ற இ-4 விமானங்களுக்கு மாற்றாகப் புதிய விமானங்களை உருவாக்க 2024 ஏப்ரலில் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. எனவே இக்கதை முடிந்த கதையன்று. ஆயினும் 29 ஆண்டுகளில் முதன்முறையாக, அன்று இறங்கிய விமானம் தனக்கு மாற்று மேலே எழும்பியதா என்று பாராமல் இறங்கியது.

அவ்விமானங்களில் பணியாற்றியோர் தாம் கற்ற வித்தையை ஒருநாளும் பயன்படுத்தவில்லை. புலவன் பாடாமலும் உழவன் உழாமலும் வாழ்நாளைக் கழித்தால் அதனை வீண் என்போம். இவர்களோ, தம் தொழிலைச் செய்ய நேராமல் போனதையே வெற்றியாகக் கொண்டனர். சாவியைத் திருப்பும் பயிற்சி உடையவர் அதனைத் திருப்பாமலே திரும்பி வந்து உரியவரிடம் ஒப்படைத்த அந்த 32,000 முறைகளே இவர்களின் வரலாறு. வள்ளுவர் படைமாட்சிக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அடக்கமுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் காலம் ஒன்று வந்தது. ஆற்றல் பெருகப் பெருக அடக்கமும் பெருகவேண்டும் என்பதே அவ்வானத்துக் காவல் நமக்கு விட்டுச்சென்ற பாடம். அதைக் கற்கவேண்டியவர் படைஞர் மட்டுமல்லர். அவர்களை ஏவும் நாடாள்வோரும், நாடாள்வோரைத் தெரிந்தெடுக்கும் நாமும் ஆவோம்.